பாலம் இல்லாத தீவு

தினேஷ்,

நீ இப்போது தூங்கிக்கொண்டிருக்கிறாய். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, அம்மா வைத்த இட்லியைச் சாப்பிட்டு, ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கிப் படுத்துவிட்டாய். உன் பஸ் வருவதற்கு முன்பே சுகந்தி தன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேற்று மாலை உன்னிடம் நேரில் பேசத்தான் வந்தேன். நீ போனைப் பார்த்தபடியே "சரிப்பா, சரிப்பா" என்றாய். சொல்ல வந்ததில் பாதிக்கு மேல் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. எழுதிவிட்டால் நடுவில் யாரும் "சரிப்பா" சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். இது பின்னால் நான் எழுதும் மாத இதழிலும் வரும். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களை வெளியூர்க்காரர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுத்துக்கொள்ளாமல் படி.

விஷயம் பொங்கல் லீவு. அந்த லீவில் நீங்கள் இருவரும் எந்தத் தீவுக்குப் போவது என்பது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று நீயே சொன்னாய். அதற்குள் சொல்லாவிட்டால் உன் செக்ஷனில் வேறொருவர் அந்த வாரத்தைக் கேட்டுக் காத்திருக்கிறார். உன் மனைவி சுகந்தி சுங்குவார்சத்திரம் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். வருடத்தில் அவளுக்கு நீளமாகக் கிடைக்கும் லீவு, பொங்கலை ஒட்டி லைனை நிறுத்தும் அந்த ஒரு வாரம்தான். நீ வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸில் இருக்கிறாய். மற்றவர்களுக்கெல்லாம் லீவு விட்டு இயந்திரத்தை நிறுத்தினால்தான் உனக்கு வேலையே ஆரம்பம். கையில் கிரீஸோடு நீ பொங்கல் வாழ்த்துச் சொல்லி அனுப்பிய வீடியோவை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். கல்யாணமான பிறகு வந்த முதல் பொங்கலுக்கு, தலைப் பொங்கலுக்கு, சுகந்தி தன் ஊருக்குத் தனியாகத்தான் போய் வந்தாள். இந்த வருடம் உங்கள் கம்பெனியில் புது லைன் போடுவதால் ஷட்டவுன் வேலையைக் கோடைக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் உங்கள் இருவர் லீவும் ஒரே வாரத்தில் விழுந்திருக்கிறது. அடுத்த வருடம் இப்படி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரம், இரண்டு பேர். இதுதான் இருக்கும் சரக்கு. இதை என்ன செய்யப் போகிறாய் என்பதைப் பற்றித்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீ ஆரம்பித்தது சரியாகத்தான் ஆரம்பித்தாய். "தீவு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாய். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, பாலி என்று நான்கு பெயர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கடல் படம் இணைத்தாய். நான்கு படத்திலும் கடல் ஒரே நீலமாக இருந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுவரை நல்லது. ஆனால் அந்தக் குழுவில் சுகந்தியோடு அம்மாவையும், என்னையும், உன் அக்கா கவிதாவையும், அவள் வீட்டுக்காரரையும், மாமாவையும் ஏன் சேர்த்தாய் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. சேர்த்த அரைமணி நேரத்தில் கவிதா, "குழந்தைக்குக் கடல்னா உயிரு, நாங்களும் வரோம்" என்றாள். அம்மா, "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா" என்று குரல் செய்தி போட்டாள். உன் மாமா கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "ஏம்பா, ராமேஸ்வரமும் தீவுதான? அத்த ஏன் போடல?" ராமேஸ்வரம் ஐந்தாவதாகப் பட்டியலில் ஏறியது.

பிறகு ஓட்டெடுப்பு வைத்தாய். அன்று உனக்கு வார விடுமுறை. காலை பத்து மணிக்கு ஓட்டைத் திறந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டாய். ராமேஸ்வரம் ஜெயித்தது. மாமா உடனே தனக்குத் தெரிந்த வேன்காரரைப் பிடித்து, வேனின் படத்தையும் குழுவில் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ராமேஸ்வரத்துக்குத்தான் போட்டேன். மற்றவற்றுக்கு விமானம் ஏற வேண்டும், எனக்குக் காது அடைக்கும். அந்த அளவுக்குத்தான் யோசித்தேன். அப்போது நீயும் நானும் இரண்டு பேருமே நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. அந்த நேரம் சுகந்தி லைனில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்பது இந்த ஊரில் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். கேட் பக்கத்திலேயே லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவள் வெளியே வந்து போனைக் கையில் எடுத்தபோது தேர்தல் முடிந்து வேனும் வந்துவிட்டது. குழுவில் ஒரு கட்டை விரல் போட்டாள். "பாத்தியாப்பா, சுகந்திக்கும் ஓகே" என்று நீ என்னிடம் காட்டினாய். நானும் தலையாட்டினேன்.

அந்தக் கட்டை விரல் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறுத்தியது. உறுத்தியதற்குக் காரணம் கொடைக்கானல். உனக்கு நினைவிருக்கும், நீ எட்டாவது படித்தபோது எல்லாரும் வேனில் கொடைக்கானல் போனோம். மாமா வீடு, நம் வீடு, இன்னும் இரண்டு வீடு. அம்மாவும் மாமியும் ஸ்டவ்வும் அரிசியும் எடுத்து வந்தார்கள். நாம் எல்லாரும் ஏரியைச் சுற்றி வந்தோம், குதிரை மேல் ஏறினோம், நீ மிளகாய் பஜ்ஜி கேட்டு அழுதாய். அந்த நேரமெல்லாம் அவர்கள் இருவரும், நாம் தங்கிய வீட்டின் பின்பக்கம் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் கொடைக்கானல் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அம்மா, "குளிரா இருந்துச்சு. தண்ணி கொதிக்கவே நேரமாச்சு" என்றாள். அன்றைக்கு அதைக் கேட்டு நாம் எல்லாரும் சிரித்தோம்.

சரி, ராமேஸ்வரம் வேன் எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மாமா சொல்லும் கடற்கரைச் சாலை புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரமாகப் போகிறது. சுகந்தியின் அப்பா படகு வைத்து மீன் பிடிக்கும் ஊர் அந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சம்பந்தி வீட்டைத் தாண்டி ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் இறங்காமல் போக முடியுமா? இறங்கினால் யார் மீன் அலசுவது, யார் இலை போடுவது? அதற்கு மேல் நான் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். சுகந்தி பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "என்ன மாமா, வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லயே?" என்றாள். ஒன்றுமில்லை, டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டேன். வழக்கமாக நான் பேப்பர் படிக்கும், பத்திரிகைக்காக ஆட்களைப் பேட்டி எடுக்கும் கடைதான். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஆளு கெடைக்காம மருமவளையே பேட்டி எடுக்க வந்துட்டியா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கே போக ஆசை என்று அவளைக் கேட்டேன். "எங்க வேணும்னாலும் போலாம் மாமா. எல்லாரும் சேந்து போனா நல்லாத்தான இருக்கும்" என்றாள். யாரைக் கேட்டாலும் முதலில் இப்படித்தான் பதில் வரும். இத்தனை வருடத்தில் அதைக் குறித்துக்கொண்டு நான் கிளம்பியதில்லை. டீ வந்தது. குடித்தோம். அப்புறம் வேறு மாதிரி கேட்டேன்.

"அன்னைக்கு ஓட்டு போடும்போது போன் உன் கையில இருந்திருந்தா, எதுக்குப் போட்டிருப்ப?"

அவள் சிரித்துவிட்டாள். "ஓட்டு எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சுதுன்னே தெரியாது மாமா. வெளிய வந்து போனத் தொறந்தா அவ்வளவு மெசேஜ். கடைசியில வேன் படம். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது, விரலப் போட்டேன்."

"சரி. இருந்திருந்தா?"

"ராமேஸ்வரத்துக்குப் போட்டிருக்க மாட்டேன்."

"உங்க வீட்டு வழியாப் போறதாலயா?"

"அதுவுந்தான். எறங்காமப் போனா அம்மா அழுவும். எறங்குனா நானும் அம்மாவும் அடுப்படிய விட்டு வெளிய வர முடியாது. ஆனா அதுக்காக மட்டும் இல்ல மாமா. அங்க பாலம் போட்டுட்டாங்கள்ல. பஸ்ஸுலயே போயி எறங்கிடலாம். அப்புறம் அது என்ன தீவு?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பாலம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, எங்கோ ஆரம்பித்தாள்.

"எங்கப்பாவோட போட்டு பேரு என்னன்னு தெரியுமா மாமா?"

"தெரியாதே."

"சுகந்தி. முன்பக்கம் ரெண்டு பக்கமும் பெரிசா எழுதிருக்கும். வருசா வருசம் பெயின்ட் அடிச்சுப் புதுசா எழுதுவாங்க. அதுல நான் ஒரு தடவகூட ஏறுனதில்ல."

"ஒரு தடவகூடவா?"

"பொம்பளப் புள்ள ஏறக்கூடாதும்பாங்க. கரையில இழுத்துப் போட்டிருந்தாக்கூட ஏற விடமாட்டாங்க. ஐஸ் தூக்கிக் குடுப்பேன், டீசல் கேன் தூக்கிக் குடுப்பேன், மொழங்கால் தண்ணி வரைக்கும் போவேன். மீன் வந்தா பிரிப்பேன். அத்தோட சரி. எங்கண்ணன் பத்தாவதுல ஃபெயிலான மறுவாரமே போட்டுல ஏறிட்டான். நான் பாஸாயிட்டேன், பஸ்ஸுல ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எல்லாக் கடற்கரை ஊர்களிலும் இப்படி இல்லை. பெண்கள் கடல்பாசி எடுக்கப் படகில் போகிற ஊர்களுக்கு நானே போயிருக்கிறேன். அவள் ஊரில், அவள் வீட்டில் இப்படி. கடைசியில் அவள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொண்டு வந்தபடியே எழுதுகிறேன். "எந்தத் தீவா இருந்தாலும் சரி மாமா. போயிச் சேர்றது தண்ணி மேல இருக்கணும். எந்தப் பக்கம் திரும்புனாலும் கரை தெரியாம, கொஞ்ச நேரம். எங்கப்பா தெனமும் பாக்குறத நானும் ஒரு தடவ பாக்கணும். ஆனா உங்க மகன்கிட்ட சொல்லிராதீங்க. சொன்னா நான் கேட்டு வாங்குன மாதிரி ஆயிடும்."

கல்யாணமான புதிதில் நீங்கள் இருவரும் பாண்டிச்சேரி போனது நினைவுக்கு வந்தது. அங்கே போன அன்றே உன் சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஏதோ கன்வேயர் நின்றுவிட்டது, நீ கடற்கரைப் பாறை மேல் உட்கார்ந்து வீடியோவில் பார்த்து ஒவ்வொரு ஒயராகச் சொல்லிச் சரிசெய்தாய். ஒரு மாலை அதிலேயே போயிற்று. உன்னைக் குறை சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டால் யாரைக் கைகாட்டுவாள் என்று எனக்குத் தெரியும். சுகந்தி திரும்பி வந்து, "அங்க போட்டெல்லாம் ஃபைபர் போட்டுப் புதுசா இருக்கு மாமா" என்று மட்டும் சொன்னாள். மீனவர் வீட்டுப் பெண், ஏதோ பழக்க தோஷத்தில் படகைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

சொல்லாதே என்று ஒருவர் சொன்னதை நான் இதுவரை எழுதியதில்லை. ஆகவே அடுத்த நாள் மறுபடி அவளிடம் போனேன். அவள் சொன்னதை எழுதட்டுமா என்று கேட்டேன். "பேப்பர்ல எழுதுனா அவரு படிப்பாரா மாமா?" என்றாள். சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே வைத்தால் படிப்பான் என்றேன். "அப்ப எழுதுங்க. ஆனா ஊரு படிக்கிறதுக்கு முன்னாடி அவரு படிக்கணும்" என்றாள். அதனால்தான் இன்று மத்தியானம் நீ தட்டை எடுக்கும்போது இது உன் கைக்கு வருகிறது.

அவள் சொன்னதை வைத்துக்கொண்டு உன்னுடைய நான்கு தீவுகளையும் மறுபடி பார்த்தேன். பாலிக்கு விமானத்தில் ஏறி விமானத்தில் இறங்கினால் வேலை முடிந்தது. மாலத்தீவில் விமானத்தை விட்டு இறங்கியதும் படகு உண்டு, ஆனால் அவளுக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. கல்யாணத்துக்கு முன் தங்கியிருந்த ஹாஸ்டல் முகவரியில் விண்ணப்பித்து, கல்யாணமாகி வீடு மாறி, அது எங்கோ நிற்கிறது. லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கப்பலே இருக்கிறது. அதுதான் அவளுக்கு ரொம்பப் பொருத்தம். அனுமதி வாங்க வேண்டும், கப்பலில் இடமும் கிடைக்க வேண்டும், பொங்கலுக்குள் இரண்டும் கூடி வருவது கஷ்டம் என்று விசாரித்த இடத்தில் சொன்னார்கள். அதை வேறொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் அந்தமான். சென்னையிலிருந்தே கப்பலில் போகலாமா என்று நீ நினைக்கக்கூடும். போகவே மூன்று நாள் ஆகிறது, வரவும் அவ்வளவு. உங்கள் வாரம் கடலிலேயே தீர்ந்துவிடும். போர்ட் பிளேர் வரை விமானத்தில் போங்கள். அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்குக் கப்பலில் போக வேண்டும். வேறு வழி கிடையாது. பாலம் இல்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தண்டலத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்த ஒருவர் போன வருடம் குடும்பத்தோடு போய் வந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். அந்தத் தீவுகளுக்கு இரண்டு விதமான கப்பல் போகிறதாம். ஒன்று வேகமாகப் போகும் தனியார் கப்பல். அவர் போனதில் ஏசி, சாய்வு நாற்காலி, மூடிய கண்ணாடி எல்லாம் இருந்தன. "கடல்ல போன மாதிரியே இல்ல சார், வால்வோ பஸ்ல போன மாதிரி இருந்துச்சு" என்று அவர் அதைப் பாராட்டிச் சொன்னார். நீ அதில் டிக்கெட் எடுத்துவிடாதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும், சீக்கிரம் போய்ச் சேர்வது எதுவோ அதைத்தான் எடுப்பாய். இன்னொன்று அரசாங்கக் கப்பல். மெதுவாகப் போகும், அதில் மேல்தளத்துக்குப் போய்க் காற்றில் நிற்கலாம். அதன் டிக்கெட்டுக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்குமாம். அலை. ஊரில் எல்லாருடைய இயந்திரத்துக்கும் ஸ்பேர் தேடி அலைகிறவன்தானே நீ.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வேன் கலையப்போகிறது, வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இருக்காது என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாங்க சொல்றீங்க? மீன்காரங்க வூட்டுப் பொண்ணு, போட்ல ஏறுனதே இல்லியா?" என்று கத்தியை வைத்துவிட்டாள். "நீ கொடைக்கானல் போனியே, அந்த ஏரியில போட்டு இருந்துச்சே, ஏறினியா?" என்று கேட்டேன். அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

"ஏரி இருந்துச்சுன்னு கவிதா சொல்லும்" என்றாள்.

பிறகு அவளே மாமாவுக்குப் போன் போட்டாள். நான் கேட்டது ஒரு பக்கத்துப் பேச்சுதான். "அண்ணா, வேன் அப்படியே இருக்கட்டும். நாங்க வரோம். சின்னதுங்க ரெண்டும் வராதுங்க. இல்லண்ணா, கோவிச்சிகினு இல்ல. அதுங்களுக்கு வேற வேலை கீது. ரெண்டு சீட்டு காலியானா இன்னா, நா காலை நீட்டிகினு வருவேன். இன்னொண்ணு கேட்டுக்கோ. ஸ்டவ்வு, குண்டான் எதுவும் வேன்ல ஏறக்கூடாது. மூணு வேளையும் ஓட்டல்தான். அடுப்ப ஏத்துனீங்கன்னா நா பாதி வழியிலயே எறங்கிடுவேன்." மாமா என்ன சொன்னாரோ தெரியாது, போனை வைக்கும்போது அம்மாவின் முகத்தில் திருப்தி இருந்தது. "சம்பந்தி வூட்ல டீ மட்டும் குடிச்சிட்டுப் போயிகினே இருப்போம். சோறுன்னு ஆரம்பிச்சா அந்தம்மா பாவம்" என்றாள். ஆகவே எங்களைப் பற்றிய கவலை உனக்கு வேண்டாம். கவிதாவிடமும் அம்மாவே பேசிவிட்டாள். குழந்தைக்கு ராமேஸ்வரத்துக் கடல் போதும்.

இனி உன் பங்கு. முதலில், எழுந்ததும் குழுவில் எதையும் போடாதே. "அந்தமான் ஃபைனல்" என்று அறிவித்துவிட்டு, அவள் லாக்கரைத் திறக்கும்போது முடிவைக் காட்டாதே. போன தடவை நடந்ததுதான் மறுபடியும் நடக்கும், இந்த முறை ஊர் பெயர் மட்டும் மாறியிருக்கும். இன்று அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போ. நேரில் கேள். ஒரு தடவை கேட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் சொல்வாள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை கேள். இதைப் படித்த பிறகு அவள் மனதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அவள் வாயால் உன்னிடம் சொல்ல வேண்டும். என்னிடம் சொன்னது கணக்கில் வராது. ஒருவேளை அவள் மனது மாறி லட்சத்தீவுக்கே காத்திருக்கலாம் என்று சொன்னாலும் சொல்லட்டும். அதையும் கேட்டுக்கொள்.

இரண்டாவது, உன் சூப்பர்வைசர். அங்கே சில தீவுகளில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று போய் வந்தவர் சொன்னார். லீவு எழுதிக் கொடுக்கும்போதே இதை அவரிடம் சொல்லிவிடு. எந்த இயந்திரத்தில் என்ன வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று உன் கூட வேலை செய்பவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ. கப்பலில் ஏறும்போது போனை அணைத்துப் பையில் போடு. உன் மனைவி வாரத்தில் ஆறு நாள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறாள். உன்னால் ஒரு கடல் பயணத்துக்கு முடியாதா?

இனி எழுதுவது சுகந்திக்குத் தெரியாது. நீங்கள் ஊர் திரும்பும் வரை தெரியவும் கூடாது. பத்திரிகைக்கு இந்தக் கடிதத்தை நீங்கள் வந்த பிறகுதான் அனுப்புவேன். நேற்று நான் அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்தேன். இவர்கள் அந்தமான் போகலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, போனால் கொஞ்ச தூரம் கடலில் போக வேண்டியிருக்கும், உங்களுக்கு அதில் ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டேன். "கப்பலா, போட்டா?" என்றார். கப்பல் என்றேன். "கப்பல்ல ஏறலாம். போட்டுலதான் ஏறக்கூடாது" என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே திருப்பிக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அவள முன்பக்கம் போயி நிக்க விடாதீங்க, தூக்கித் தூக்கிப் போடும். நடுவாப்புல நிக்கச் சொல்லுங்க, ஆட்டம் கம்மியாருக்கும். வெறும் வயித்தோட ஏற வேணாம், ரொம்பத் தின்னுட்டும் ஏற வேணாம். தல சுத்துனா பக்கத்துத் தண்ணியப் பாக்கக்கூடாது. வானமும் கடலும் சேர்ற கோடு இருக்கும்ல, அதயே பாக்கணும். காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்து, முதுகக் குடுத்து நிக்கணும்." எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்குங்க. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. பயலுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன், அவளுக்குச் சொல்லிக் குடுக்கல" என்றார்.

நான் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் மேலே கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டு விஷயத்தை மட்டும் ஏறுவதற்கு முன் நீ சொன்னதாகவே சொல்லிவிடு. மற்றதைத் துறைமுகத்தில் சொல்லாதே. கரை மறையட்டும், அவள் எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்து முடிக்கட்டும். பிறகு கூட்டிக்கொண்டு போய் நடுவில், காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்க வை. ஏன் இங்கே என்று கேட்பாள். "உன் அப்பா இங்கேதான் நிற்கச் சொன்னார்" என்று அவளிடம் சொல்.